அழணும், ஆனா சீரியல் மாதிரி அழக்கூடாது, அதுக்கு ஒரு நாவல் சொல்லுங்க!

போன மாசம் இந்தப் பக்கத்து மூலையில 'என்ன படிக்கறதுன்னு குழப்பமா இருந்தா எழுதுங்க'ன்னு ஒரே ஒரு வரி போட்டிருந்தேன். வந்த லெட்டர், மெயில், வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்தா ஒரு மஞ்சப்பை நிறைஞ்சிடும் போல. பாதிக்கு மேல ஒரே மாதிரி கேள்வி தான், டிராமா வேணும், மனசைப் பிசையணும், ஆனா பத்தாவது பக்கத்துல கொட்டாவி வரக்கூடாது. எல்லாருக்கும் பதில் சொல்ல இடம் இல்ல, கையில சிக்கினதை எடுத்துக்கிட்டேன். பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டதால ஊர் மட்டும் போடறேன்.

அக்கா, ராத்திரி எட்டு மணியில இருந்து பத்து வரைக்கும் சீரியல் தான் எனக்கு. ஆனா இப்போ வெறுத்துப்போச்சு, ஒரே கல்யாணத்தை மூணு மாசம் இழுக்கறாங்க. காலேஜ் படிக்கறப்போ நாவல் படிப்பேன், அப்புறம் விட்டுப்போச்சு. அழ வைக்கிற மாதிரி ஒண்ணு சொல்லுங்க, ஆனா சீரியல் அழுகை வேணாம்.
வாசகி, திண்டுக்கல்

உங்க கேள்வி எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, ஏன்னா நீங்க கேக்கறது தான் விஷயமே. சீரியல்ல கேமரா மூணு தடவை முகத்துக்கிட்ட போயிட்டு வரும், மியூசிக் வேற 'இப்போ அழு'ன்னு சொல்லும். நல்ல கதையில யாரும் உங்களை அழச் சொல்ல மாட்டாங்க. அவங்க பாட்டுக்கு காபி வாங்கிட்டு வருவாங்க, ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு பேசிட்டு இருப்பாங்க, நமக்குத் தான் தொண்டை அடைக்கும்.

இமையம் எழுதின 'செல்லாத பணம்' எடுங்க. 2020க்கு சாகித்ய அகாடமி வாங்கின நாவல், ஆனா அதுக்காகப் படிக்க வேணாம். இன்ஜினியரிங் படிச்ச பொண்ணு ரேவதி, வீட்டை எதிர்த்து ஆட்டோ ஓட்டற ரவியைக் கட்டிக்கிறா. பிறகு ஒருநாள் தீக்காயத்தோட பாண்டிச்சேரி ஜிப்மர்ல கிடக்கறா. அவளா வெச்சுக்கிட்டாளா, அவன் வெச்சானாங்கற கேள்வி ஒரு பக்கம், அது வெளியில உக்காந்திருக்கிற அப்பா அம்மாவுக்கு இப்போ ஒண்ணுமே இல்லாத கேள்வி. அப்பா ஹெட்மாஸ்டர், பணம் இருக்கு, எவ்வளவு வேணாலும் செலவு பண்ண ரெடி, ஆனா அந்த வார்டு வாசல்ல பணத்தை வெச்சு என்ன பண்றது? தலைப்பு அது தான். முக்கால்வாசி வெறும் பேச்சு தான், சொந்தக்காரங்க பேசறது, பக்கத்து பெட் ஆளுங்களோட சொந்தம் பேசறது. நான் இதை பஸ்ல படிக்க ஆரம்பிச்சு, இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி ரெண்டு ஸ்டாப் போயிட்டேன், கண்டக்டர் திட்டினதும் காதுல விழல. ஒண்ணு மட்டும், வீட்டுல யாராவது ஆஸ்பத்திரியில இருக்கற நேரத்துல இதைத் தொடாதீங்க.

'அசுரன்' படம் நாலு தடவை பார்த்தாச்சு. அது 'வெக்கை' நாவல்ல இருந்து எடுத்ததுன்னு சொல்றாங்க. படம் பார்த்தவன் நாவல் படிக்கணுமா? கதை தெரிஞ்சு போச்சே?
கல்லூரி மாணவர், கோவில்பட்டி

கோவில்பட்டிக்காரர் இப்படிக் கேக்கலாமா தம்பி? பூமணி உங்க ஊர்ப்பக்கத்து எழுத்தாளர், உங்க கரிசல் பேச்சு, நீங்க படிக்கறப்போ எங்களுக்கெல்லாம் கிடைக்காத ருசி உங்களுக்குக் கிடைக்கும்.

உங்களுக்குத் தெரிஞ்சது படத்தோட கதை. நாவல் 1982ல வந்தது, படம் 2019. தனுஷ் இளவட்டமா வர்ற அந்த ஃபிளாஷ்பேக் மொத்தமும் படத்துக்காக சேர்த்தது, நாவல்ல கிடையாது. நாவல்ல அய்யா, அதான் அப்பா, ஹீரோவும் இல்ல. பதினஞ்சு வயசுப் பையன் சிதம்பரம் தான் எல்லாம். அண்ணனைக் கொன்னவனை இவன் வெட்டறான், கையை மட்டும் எடுக்கணும்னு தான் நினைச்சிருந்தான், ஆள் செத்துப்போறான். அங்க தான் நாவலே ஆரம்பிக்குது! கொலை முதல் பக்கத்துலயே முடிஞ்சிடுது, அப்போ மிச்சப் பக்கத்துல என்ன இருக்கும்னு கேப்பீங்க. அப்பனும் மகனும் காடு மேடா ஒளிஞ்சு திரியறாங்க. சோறு பொங்கறாங்க, எங்க தண்ணி கிடைக்கும், எந்தப் புதர் மறைவா இருக்கும், யார் வீட்டுக்கு ராத்திரி போயிட்டு வரலாம்னு பார்த்துக்கிட்டே, பழைய கதை பேசறாங்க. ஒரு பையன் கொலை பண்ணிட்டு வந்து நிக்கறான், அப்பன் அடிக்கல, கட்டிப்பிடிச்சும் அழல, 'சாப்பிட்டியா'ங்கற மாதிரி தான் நடந்துக்கறாரு. எனக்கு படத்துல வர்ற அத்தனை சண்டையையும் விட அந்தச் சோறு பொங்கற இடம் தான் பெருசா இருக்கு. ஒல்லி புக் தான், ஒரு ஞாயித்துக்கிழமை போதும்.

எனக்கு 68 வயசு, போஸ்ட் ஆபீஸ்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். மனைவிக்கு கண் ஆபரேஷன் ஆகியிருக்கு, கொஞ்ச நாளைக்குப் படிக்க முடியாது. தினம் மத்தியானம் நான் வாசிச்சுக் காட்டறேன். சின்னச் சின்ன கதையா, ஆனா அழுத்தமா வேணும்.
வாசகர், கும்பகோணம்

ஐயா, இந்த லெட்டரைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். அம்மாவுக்கு சீக்கிரம் குணமாகணும்.

வாய்விட்டு வாசிக்கணும்னா கி. ராஜநாராயணனைத் தாண்டி யாரு? 'கதவு'ல இருந்து ஆரம்பிங்க. ஒரு ஏழை வீடு, அந்த வீட்டுக் கதவு தான் பிள்ளைங்களுக்கு விளையாட்டு சாமான், அதுல தொத்திக்கிட்டு முன்னும் பின்னும் ஆடி பஸ் விளையாட்டு விளையாடுதுங்க. தீர்வை பாக்கின்னு தலையாரி வந்து அந்தக் கதவையே கழட்டிட்டுப் போயிடறான். கதவில்லாத வீட்டுல ராத்திரி வாடைக்காத்து உள்ள வருது, அப்புறம் என்ன ஆகுதுன்னு நான் சொல்லல. கடைசியில அந்தப் பிள்ளைங்க அந்தக் கதவை எங்கயோ கண்டுபிடிக்கற இடம் வரும் பாருங்க, அங்க வர்றப்போ நீங்க கொஞ்சம் மூச்சு வாங்கிக்கணும், குரல் உடைஞ்சிடும்.

அடுத்த நாள் கு. அழகிரிசாமியோட 'ராஜா வந்திருக்கிறார்'. தீபாவளி நேரம், இல்லாதப்பட்ட வீட்டுக்கு உடம்பெல்லாம் சிரங்கோட ஒரு அநாதைப் பையன் வந்து நிக்கறான், பேரு ராஜா. அந்த அம்மா அவனைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, இருக்கறதுல ஒண்ணை உடுத்தி விடறா. பெரிய வீட்டுலயும் ஒரு ராஜா வந்திருக்காரு, அது வேற ராஜா. ரெண்டையும் அந்தச் சின்னப் பொண்ணு எப்படிக் கோத்துச் சொல்லுதுங்கறது தான் கதை. மேல ஒரு வார்த்தை சொன்னா கெட்டுப்போயிடும்.

மூணாவதா அசோகமித்திரனோட 'புலிக்கலைஞன்'. இதை நான் எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு கணக்கில்ல. ஒரு சினிமா கம்பெனி ஆபீஸ், மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச மந்தமான நேரம், ஒரு ஆள் சான்ஸ் கேட்டு வர்றான். என்னப்பா தெரியும்னா டைகர் ஃபைட்டுங்கறான். ஆபீஸ்காரங்களுக்கு சிரிப்பு. அப்புறம் அந்த ஆள் பையில இருந்து புலி முகமூடியை எடுத்து மாட்டறான், அவ்வளவு தான், அங்க மனுஷனே இல்ல! நாலு கால்ல பதுங்குது, மேஜை மேல பாயுது, உறுமுது. ஆட்டம் முடிஞ்சு முகமூடியைக் கழட்டினா, பெண்டாட்டி பிள்ளைங்க சாப்பிட்டு எத்தனையோ நாளாச்சுன்னு கால்ல விழறான். புலியும் அதே உடம்பு தான், பசியும் அதே உடம்பு தான். அசோகமித்திரன் இங்க ஒரு சொட்டு கண்ணீர் கூட ஊத்தல, ஏதோ ஆபீஸ் ஃபைல்ல குறிப்பு எழுதற மாதிரி எழுதிட்டுப் போறாரு. கொஞ்ச நாள் கழிச்சு அந்த ஆளுக்கு கம்பெனியில இருந்து ஒரு கடிதம் போடறாங்க. போஸ்ட் ஆபீஸ்ல இருந்தவர் நீங்க, அந்தக் கடிதம் என்னாச்சுங்கற இடம் வேற யாரையும் விட உங்களைத் தான் அதிகம் தைக்கும்.

ரெண்டு நாள் இப்படி கனமாப் போச்சுன்னா மூணாவது நாள் புதுமைப்பித்தனோட 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' வாசிங்க, கடவுள் மெட்ராஸுக்கு வந்து பிள்ளைவாளோட ஹோட்டல்ல காபி குடிக்கறாரு, அம்மா சிரிப்பாங்க. அவரோட எழுத்து நாட்டுடைமை ஆயாச்சு, இன்டர்நெட்ல இலவசமாவே கிடைக்கும், ஃபான்ட்டைப் பெருசு பண்ணி வெச்சுக்கிட்டா உங்க கண்ணுக்கும் நல்லது. ஜெயமோகனோட 'அறம்' தொகுப்புல 'சோற்றுக்கணக்கு'ம் வாசிக்கலாம், சாப்பாட்டுக்கு முன்னாடி வேணாம், அப்புறம் ரெண்டு பேருக்கும் மீன் குழம்பு கேக்கும் (சைவம்னா மன்னிச்சுக்கங்க).

ஜெயகாந்தனோட 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படிக்கலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி 'அக்கினிப் பிரவேசம்' படிக்கணுமா?
வாசகி, சேலம்

கட்டாயம். முதல்ல அது தான், பத்திருபது நிமிஷ வேலை. மழையில பஸ் ஸ்டாப்ல நிக்கற காலேஜ் பொண்ணை ஒருத்தன் கார்ல ஏத்திக்கிட்டுப் போறான். கெட்டுப்போய் வீட்டுக்கு வந்து அழற பொண்ணு தலையில அம்மா தண்ணியை ஊத்தி, நீ சுத்தமாயிட்டேடின்னு சொல்றா. 1966ல விகடன்ல வந்தப்போ ஊரே ரெண்டாப் பிரிஞ்சு சண்டை போட்டுது. அந்த அம்மா அப்படிச் சொல்லாம, ஊரைக் கூட்டி ஒப்பாரி வெச்சிருந்தா அந்தப் பொண்ணு வாழ்க்கை என்னாகியிருக்கும்? அது தான் நாவல். அந்தச் சிறுகதையே நாவலுக்குள்ள ஒரு பத்திரிகைக் கதையா வருது, நாவலோட நாயகி கங்கா அதைப் படிக்கறா, அந்த இடத்துல எனக்குப் புல்லரிச்சுது. முடிச்சதும் 'கங்கை எங்கே போகிறாள்'னு அடுத்த பாகமும் இருக்கு, அது என் கணக்குல ஒரு படி கீழ தான், ஆனா கங்காவை விட்டுப் பிரிய மனசில்லாதவங்க படிப்பீங்க, எனக்குத் தெரியும்.

பையன் எட்டாவது படிக்கறான், பொம்மை போட்ட புக்கு மட்டும் தான் தொடறான். அவங்க அப்பா 'இதெல்லாம் சின்னப்பிள்ளைங்க சமாச்சாரம், பாடத்தைப் படி'ன்னு பிடுங்கி வெச்சுடறார். நான் யார் பக்கம் நிக்கறது?
வாசகி, ஈரோடு

பையன் பக்கம் தாங்க! அப்பாக்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க, சின்ன வயசுல இரும்புக்கை மாயாவி படிச்சாரா இல்லையான்னு. முத்து காமிக்ஸ் 1972ல அந்தக் கதையோட தான் ஆரம்பிச்சுது, சிவகாசியில இருந்து, அரை நூற்றாண்டு தாண்டியாச்சு. நானெல்லாம் மாமா வீட்டுப் பரண்ல கிடந்த பழைய காமிக்ஸைத் தூசி தட்டிப் படிச்சவ.

பையனுக்கு லயன் காமிக்ஸ் போட்ட 'இரத்தப் படலம்' வாங்கிக் குடுங்க. கடற்கரையில குண்டடி பட்டு ஒதுங்கின ஒருத்தன், பழசு ஒண்ணுமே நினைவில்ல, கழுத்தெலும்புக்கிட்ட ரோமன் எழுத்துல பதிமூணுன்னு ஒரு பச்சை குத்து மட்டும் இருக்கு. தான் யாருன்னு அவனே துப்பறியணும், அவன் கண்டுபிடிக்கற பதில் ஒவ்வொண்ணும் முந்தினதை விட மோசமா இருக்கும். கொஞ்சம் சுடறது குத்தறது இருக்கும், எட்டாவது பையன் டிவியில பாக்காததா.

அடுத்து 'பீமாயணம்'. அம்பேத்கர் வாழ்க்கை, 2011ல இங்கிலீஷ்ல வந்துது, தமிழ்லயும் இருக்கு. வரைஞ்சவங்க துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம்னு மத்தியப் பிரதேசத்து கோண்டு பழங்குடி ஓவியர்கள். இதுல வழக்கமான காமிக்ஸ் மாதிரி கட்டம் கட்டமா இருக்காது, அவங்க வீட்டுச் சுவர்ல வரையற கோலம் மாதிரி பக்கம் பூரா வளைஞ்சு ஓடும். பேச்சு பலூனைப் பாருங்க, அங்க தான் வித்தையே: நல்ல மனசோட பேசறவங்க பேச்சு பறவை வடிவத்துல இருக்கும், விஷமாப் பேசறவங்க பேச்சுக்கு தேள் கொடுக்கு வால் இருக்கும். ஸ்கூல்ல அந்தக் குழந்தைக்கு தாகம், தண்ணிக் குழாயைத் தொட விடமாட்டாங்க, யாராவது மேல இருந்து ஊத்தினா தான் உண்டு. அதுல ஆரம்பிச்சு, பொதுக் குளத்துல தண்ணி எடுக்கற உரிமைக்காக அம்பேத்கர் நடத்தின 1927 மகத் போராட்டம் வரைக்கும் முதல் பகுதி தண்ணியைச் சுத்தியே போகும். பாடப்புத்தகத்துல ரெண்டு வரியில தாண்டிப்போற விஷயம், இங்க அந்தத் தேள் வாலைப் பார்த்தவன் சுலபத்துல மறக்க மாட்டான்.

இப்போ அப்பா. அவருக்குன்னு தனியா ஒண்ணு சொல்றேன், இங்கிலீஷ் படிப்பார்னா. ஆர்ட் ஸ்பீகல்மேன் வரைஞ்ச 'மவுஸ்'. யூதர்கள் எலி, நாஜிகள் பூனை. 1992ல இதுக்கு புலிட்சர் ஸ்பெஷல் பரிசு குடுத்தாங்க. ஹிட்லர் கேம்ப்ல இருந்து தப்பிச்ச அப்பாகிட்ட மகன் உக்காந்து கதை கேட்டு வரையறான். ஆனா கேம்ப் கதைக்கு நடுநடுவுல நியூயார்க்ல அந்த அப்பா பண்ற அழிச்சாட்டியம் வரும் பாருங்க, ரோட்டுல கிடக்கற ஒயரை 'உதவும்'னு பொறுக்கிக்கிட்டு வருவாரு, மாத்திரையை எண்ணிக்கிட்டே இருப்பாரு, வளந்த மகனோட கோட்டு நல்லாயில்லன்னு அவனைக் கேக்காமயே குப்பையில போட்டுட்டு தன் பழசைக் குடுப்பாரு. எனக்கு எங்கப்பா தான் ஞாபகம் வந்தாரு, பிளாஸ்டிக் கவரை மடிச்சு மடிச்சு மெத்தைக்கு அடியில வெப்பாரு. இத்தனை கஷ்டப்பட்ட மனுஷன் பெரியவரா, தியாகியா இருக்கணும்னு நாம எதிர்பார்ப்போம், அவரு சாதாரண கஞ்சனா, எரிச்சல் மூட்டற ஆளா இருக்காரு, அதுவும் போதாதுன்னு கறுப்பினத்துக்காரரை கார்ல ஏத்தினதுக்கு மருமகள் மேல கோவப்படறாரு! அந்த இடத்தை மகன் மறைக்காம வரைஞ்சிருக்கான். அப்பா இதைப் படிச்சு முடிச்சிட்டு 'பொம்மை புக்கு'ன்னு சொன்னா எனக்கு எழுதுங்க.

தங்கச்சி, நான் 1995 இடப்பெயர்வோட யாழ்ப்பாணத்தில இருந்து வெளிக்கிட்டனான். மகள் இஞ்ச பிறந்தவ, தமிழ் கதைப்பா, வாசிக்கத் தெரியாது. பல்கலைக்கழகம் போறா. எங்கட கதையை அவவுக்கு எப்பிடிக் குடுக்கிறது எண்டு தெரியேல்ல. நான் சொல்லத் தொடங்கினா அழுதுபோடுறன்.
வாசகி, டொரொண்டோ

அக்கா, நீங்க சொல்ல முடியாததை சொல்ல வைக்காம ஒரு புக்கை மேஜை மேல வெச்சிட்டு நகர்ந்துடுங்க. 'வன்னி'ன்னு ஒரு கிராஃபிக் நாவல், இங்கிலீஷ்ல 2019ல வந்தது. எழுதினவர் பெஞ்சமின் டிக்ஸ், வன்னியில ஐ.நா.வுக்காக வேலை பார்த்தவர், வரைஞ்சவர் லிண்ட்சே பொல்லாக். செம்பியன்பற்றுல மீன்பிடிக்கற குடும்பம், 2004 சுனாமியில இருந்து போர் முடிஞ்ச 2009 மே வரைக்கும் அவங்க இடம் மாறி மாறி ஓடறதைக் கறுப்பு வெள்ளையில வரைஞ்சிருக்காங்க. தப்பிச்சு வந்தவங்க சொன்னதைக் கேட்டு உருவாக்கின பாத்திரங்கள். ஐ.நா.காரங்க 2008ல வன்னியை விட்டுக் கிளம்பின பிறகு தான் கதை ரொம்பக் கனக்கும். ஆஸ்பத்திரி, பங்கர் பக்கமெல்லாம் நீங்க பார்க்காம இருந்தாலும் பரவாயில்ல, மகள் பார்க்கட்டும். அவங்களா வந்து ஏதாவது கேப்பாங்க, அப்போ பேசிக்கலாம்.

அதோட சேர்த்து மர்ஜான் சத்ரபியோட 'பர்செபோலிஸ்'. ஈரான்ல 1979 புரட்சிக்குப் பிறகு வளர்ற பொண்ணு, பத்து வயசுல திடீர்னு தலையில முக்காடு போடச் சொல்றாங்க, குழந்தைங்க அதைக் கயிறாக்கி ஸ்கிப்பிங் ஆடுதுங்க. போர் நடக்குது, துருக்கி போயிட்டு வர்ற அப்பா அம்மா மகள் கேட்ட பாட்டு போஸ்டரை கோட்டு உள்துணிக்குள்ள வெச்சுத் தெச்சு கடத்திட்டு வர்றாங்க. உங்க மகளுக்கு வேற நாட்டுக் கதையாத் தான் தெரியும், ஆனா வெளியில அனுப்பி வெச்ச அப்பா அம்மாவும் ஏர்போர்ட்டும் வர்ற இடத்துல உங்களைப் பார்ப்பாங்க.

உங்களுக்கு வேணும்னா ஷோபாசக்தியோட 'ம்'. 1983 கொழும்பு வெலிக்கடை சிறைப் படுகொலையைத் தொடற நாவல், மனசு தாங்கற நாள்ல மட்டும்.

'பொன்னியின் செல்வன்' அஞ்சு பாகமும் முடிச்சுட்டேன். இனிமே எதைப் படிச்சாலும் சப்புன்னு இருக்கு.
வாசகர், திருச்சி

ப. சிங்காரத்தோட 'புயலிலே ஒரு தோணி'. ராஜா இல்ல, வட்டிக்கடைப் பையன் தான் ஹீரோ, இரண்டாம் உலகப்போர் நேரத்து இந்தோனேசியாவோட மெடான், மலேசியாவோட பினாங்கு, நேதாஜியோட ஐ.என்.ஏ. படை, நடுவுல மதுரை வீதி ஞாபகம். முதல் ஐம்பது பக்கம் பேச்சு வழக்கு புரியாம தலை சுத்தும், விட்டுடாதீங்க.

'அம்மா வந்தாள்' நாவலை எங்கம்மாவுக்கு பர்த்டே கிஃப்ட்டா குடுக்கலாமா? தலைப்பு நல்லா இருக்கு.
வாசகர், தாம்பரம்

ஐயோ சாமி, முதல்ல நீங்க படிங்க! தி. ஜானகிராமன் 1966ல எழுதினது, காவிரிக்கரை வேதபாடசாலையில பதினாறு வருஷம் படிச்சு முடிச்சு வீட்டுக்கு வர்ற அப்புவுக்கு, தன் அம்மா அலங்காரம் பத்தி ஒரு விஷயம் புரிய வருது. பிரமாதமான நாவல், அந்த அம்மாவை ஒரு இடத்துல கூட எழுத்தாளர் குத்தம் சொல்ல மாட்டாரு, கைதட்டவும் மாட்டாரு. ஆனா பேப்பர் சுத்தி ரிப்பன் கட்டி அம்மா கையில குடுக்கற புக் இல்ல. பர்த்டேக்கு புடவையே எடுத்துக் குடுங்க.

படிச்சிட்டுத் தரேன்னு வாங்கிட்டுப் போனவங்ககிட்ட இருந்து புக்கை எப்படித் திருப்பி வாங்கறது?
வாசகி, நாகர்கோவில்

தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க. கி. ராஜநாராயணனோட 'கோபல்ல கிராமம்', என் புக்கு, போய் ஆறு வருஷம் ஆச்சு, உள்ள 47ஆம் பக்கத்துல ஒரு பழைய பஸ் டிக்கெட் அடையாளம் வெச்சிருந்தேன். எடுத்துட்டுப் போனவங்க இந்தப் பத்திரிகை தொடர்ந்து வாங்கறவங்க தான். டிக்கெட்டை நீங்களே வெச்சுக்கங்க, புக்கு மட்டும் வந்தா போதும்.